பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சொல்

திருவல்லத்தில் காலை ஆறே முக்காலுக்கு வரும் கழக்கூட்டம் பஸ்ஸில் ஜெயபாய் இடதுபக்க ஜன்னலோரமாக உட்காருவார். பைபாஸில் பஸ் வேகம் எடுத்ததும் தென்னைகளுக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கும். ஆக்குளம் பாலத்தில் காயல் வெள்ளித்தகடு மாதிரி ஒரு நொடி தெரிந்து மறையும். இவையெல்லாம் அவர் கண்ணில் படும், ஆனால் மனதில் நிற்காது. அந்த நேரத்தில் அவர் மனதில் யாராவது ஒரு அமெரிக்கர் இருப்பார். முந்தைய நாள் கோர்ட்டில் தோற்றவரோ ஜெயித்தவரோ, அவர் இப்போது எந்த அறையில் இருக்கிறார், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று ஜெயபாய் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர் வேலை அப்படி. கழக்கூட்டத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனி. அமெரிக்காவின் ஃபெடரல் கோர்ட்டுகள் அன்றன்று சொல்லும் தீர்ப்புகளை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிச் சுருக்கம் எழுதி, அங்கே உள்ள ஒரு சட்டப் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். வக்கீல்கள் அதைப் பார்த்து முழுத் தீர்ப்பையும் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அங்கே கோர்ட் பூட்டிய பிறகு நெட்டில் ஏறும் தீர்ப்புகள் இங்கே விடிந்ததும் காத்துக் கிடக்கும். ஜெயபாய்க்கு மூன்று தலைப்புகள் கொடுத்திருந்தார்கள். குடிமை உரிமை, தனியுரிமை, நுகர்வோர். ஒன்பது வருடமாக அந்த மூன்றுதான்.

நாயோடு ஏறினார் என்று பஸ்ஸிலிருந்து இறக்கி விடப்பட்ட கண் தெரியாத ஒருவர். பேசும் பொம்மையொன்று தன் மகளின் பேச்சைப் பதிவு செய்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த தாய். தலைச் சாயத்தால் உச்சி வெந்துபோன பள்ளிக்கூட ஆசிரியை. பதினோரு மாதம் மூக்குக்கண்ணாடி கொடுக்கப்படாமல் மங்கலாகவே சிறையில் இருந்த கைதி. தீர்ப்புகளில் இவர்களுக்கு முகம் கிடையாது, மனுதாரர் என்ற சொல்தான் உண்டு. ஜெயபாய் முகம் கொடுத்தார். கண் தெரியாதவருக்குக் கிழக்கேகோட்டையில் லாட்டரி விற்கிறவரின் முகம். ஆசிரியைக்குச் சாலைக் கடைத்தெருவில் ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுக்கும் பெண்ணின் முகம். பனி மட்டும் அவருக்குச் சிரமமாக இருந்தது. பார்த்ததே இல்லை. விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் குவித்து வைக்கும் உடைத்த ஐஸைத்தான் தெரியும். அதனால் அவருடைய அமெரிக்காவில் பனி விழுந்த தெருக்களில் லேசாக மீன் வாடை அடித்தது.

"அக்கா வாசிக்கதில்ல, சொப்பனம் காணுதீங்க" என்பாள் பக்கத்து நாற்காலி ரெம்யா. இருபத்தேழு வயது, நெய்யாற்றின்கரைப் பெண். "மூணு லைன் எழுத அரை மணிக்கூறு."

"காணாம எப்பிடி எழுத?" என்பார் ஜெயபாய்.

அவர் பாறசாலைப் பக்கத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலிருந்து இருபத்து மூன்று வரை களியக்காவிளைக்கு அப்பால் ஓர் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தார். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தேய்த்தாலும் தோட்டின் எண்ணெய் விரல் நுனியைத் தின்றுவிடும். கருகி, உரிந்து, மறுபடி கருகும். அந்த விரல்களோடுதான் தபால் வழியில் ஆங்கிலம் பி.ஏ. படித்தார். சபையில் கிடைத்த வேதாகமம் ஒன்றில் இடதுபக்கம் தமிழும் வலதுபக்கம் ஆங்கிலமும் இருந்தன. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு விரலை வைத்து, ஒரு சொல்லையும் தாண்டாமல் நகர்த்திக்கொண்டே போவார். பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருடம் டைப்பிஸ்ட். அதற்குப் பிறகு கழக்கூட்டம். நாற்பத்தெட்டு வயதிலும் திரையில் தெரியும் வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் வாசித்தார். திரை முழுக்கத் தடம். ஆனால் அந்தத் தடங்களில் ரேகை இருக்காது.

இதை அவர் அறிந்தது கம்பெனியின் வாசலில். உள்ளே நுழைய ஒரு சின்ன மெஷினில் விரலை வைக்க வேண்டும். எல்லோருக்கும் பச்சை விளக்கு எரியும். ஜெயபாய் வைத்தால் சிவப்பு. மறுபடி முயலவும் என்று அது ஆங்கிலத்தில் பெண் குரலில் சொல்லும். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி ராஜையன் அவருக்கு மட்டும் ஒரு நோட்டுப் போட்டார்.

"இதில எழுதுங்க டீச்சரே. அதுக்கு உங்கள ஓர்மை நிக்கல்ல" என்பார் அவர். ஜெயபாய் எங்கும் பாடம் எடுத்ததில்லை. நாள் முழுக்க வாசிப்பதால் ராஜையனுக்கு அவர் டீச்சர்.

அந்தத் தீர்ப்பு வந்தது ஜூன் மாதத்தில், மழை ஜன்னலை விடாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில். இருபத்து நான்கு பக்கம். தனியுரிமைத் தலைப்பில் வந்திருந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஏதோ ஊர். கோழி இறைச்சி வெட்டிப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண், டி. எம். என்ற எழுத்துகள் மட்டும் அவள் பெயர். ஆறு வருடம் ஒவ்வொரு காலையும் வருகைப்பதிவு மெஷினில் உள்ளங்கையை வைத்து உள்ளே போனவள். வேலையை விட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்தக் கையின் பதிவைத் தொழிற்சாலை இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது, அந்தக் கம்பெனி இன்னொன்றுக்கு. எதற்கென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வக்கீல் கிடைக்கவில்லை. அவளே கையால் மனு எழுதிப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டுக்கு வந்திருந்தாள். தினமும் தானாகவே கையை வைத்தாள் அல்லவா, அதுவே சம்மதம் என்றது தொழிற்சாலை.

ஜெயபாய் அன்று வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். டி. எம்முக்கு யாருடைய முகத்தையும் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. முகம் வரவில்லை, கை மட்டும் வந்தது. குளிரில் வெடித்த, ஈரம் காயாத ஒரு கை. விடிகாலையில் ஒரு இரும்புக் கதவுக்கு முன்னால் வரிசை நகர்கிறது. எல்லோர் வாயிலிருந்தும் புகை வருகிறது. அந்தக் கை மேலே எழுகிறது, கண்ணாடியில் படுகிறது, இறங்குகிறது. திரும்பத் திரும்ப, ஆறு வருடத்துக் காலைகள் முழுவதும். தீர்ப்பின் பதினான்காம் பக்கத்திலிருந்து பதினெட்டாம் பக்கம்வரை நீதிபதி அந்தக் காலைகளைப் பற்றியே எழுதியிருந்தார். கதவுக்கு வெளியே நிற்பவளுக்கு வேறு வழி என்ன இருந்தது? அவளிடம் யார் எதைக் கேட்டார்கள்? கேட்காத கேள்விக்கு அவள் எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும்? ஜெயபாயின் விரல் வரிக்கு வரி நகர்ந்து பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தது. நான்காவது வரியில் நின்றது.

வேலைக்குள் நுழைவதற்காகத் தினமும் காலையில் மெஷினின்மேல் வைக்கப்படும் கை, பிறகு அந்தக் கையைக் கொண்டு செய்யப்படும் எல்லாவற்றுக்குமான சம்மதம் ஆகும் என்றிருந்தது.

விரலைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி வாசித்தார். ஆகும் என்றுதான் இருந்தது. தமிழில் ஆகும் என்பதும் ஆகாது என்பதும் வாயில் சொல்லும்போதே வேறாகத் தெரியும். ஆங்கிலத்தில் நடுவே மூன்றெழுத்துச் சொல் ஒன்று, ஒரு 'நாட்', இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் நேர் எதிர். இங்கே இல்லை. கடைசிப் பக்கத்தையாவது பார்க்கலாம் என்று போனார். கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு ஒரு பகுதி உறுதி செய்யப்படுகிறது, ஒரு பகுதி ரத்து செய்யப்படுகிறது, மேலே சொன்னபடி கீழ்க்கோர்ட் மறுபடி விசாரிக்கட்டும் என்றிருந்தது. மேலே சொன்னது என்றால் அந்த வரிதான்.

ரெம்யாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ரெம்யா இரண்டு முறை படித்தாள்.

"சாஃப்ட்வேர் ஒண்ணும் காட்டல்லியே அக்கா."

"அது எப்பிடிக் காட்டும்? கோர்ட்டுக்க பேஜும் நம்ம பேஜும் ஒண்ணுபோல இருக்கான்னுதான் அது பாக்கும். ரெண்டிலயும் இல்லாதத அது எங்க காண?"

டீம் லீடர் சுதீஷ் முப்பத்திரண்டு வயதுக்காரர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். வந்து நின்று, குனிந்து, திரையைப் பார்த்தார்.

"சேச்சி, ஒறிஜினல்ல என்ன இருக்கோ அதுதானே நமக்கு? நம்ம திருத்தினா அது நம்ம தெற்றாகும்."

"திருத்தச் சொல்லல்ல சுதீஷ். கேக்கச் சொல்லுதேன்."

"சரி. க்வெரி போடலாம்."

போட்டார்கள். மறுநாள் காலை அமெரிக்கப் பதிப்பாளரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

அதற்குமேல் சுருக்கத்தை அனுப்பாமல் வைத்திருக்க முடியாது. சம்மதம் என்று எழுதினால் நீதிபதி நினைத்ததற்கு எதிர். சம்மதம் இல்லை என்று எழுதினால் தாளில் உள்ளதற்கு எதிர். ஜெயபாய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'சம்மதம் பற்றிய கேள்வியையும் கோர்ட் பரிசீலித்தது' என்று எழுதி அனுப்பினார். ஒன்பது வருடத்தில் எதையும் சொல்லாத வரி ஒன்றை அவர் எழுதியது அப்போதுதான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு வாய் கசந்தது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தார். வரவில்லை.

மூன்று வாரம் தினமும் காலையில் முதல் வேலையாகக் கோர்ட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், திருத்தம் வந்திருக்கும் என்று நம்பினார். தொழிற்சாலையின் வக்கீல்கள் கண்டிருந்தாலும் சொல்ல மாட்டார்கள். டி. எம்முக்கு வக்கீலே இல்லை. அவள் அந்தத் தாள்களைச் சமையலறை மேஜையில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்து, நான்காவது வரியில் தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். இதை யோசிக்கும்போது ஜெயபாய்க்கு அந்த மேஜை தெரிந்தது. அதன்மேல் ஒரு எலுமிச்சைப்பழமும் கழற்றி வைத்த கடிகாரமும். யாரும் அவருக்குச் சொல்லாதவை. தானாக வந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டன.

பிறகொரு நாள் அதே கோர்ட்டின் வேறொரு தீர்ப்பைத் திறந்தபோது முதல் பக்கத்தின் மேலே பொடி எழுத்தில் உள்ள குறிப்பு கண்ணில் பட்டது. அந்தக் கோர்ட்டின் எல்லாத் தீர்ப்பிலும் இருப்பதுதான். பல்லாயிரம் முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறார். இது இறுதி வடிவம் அல்ல, வாசகர்கள் எழுத்துப் பிழை எதையும் கண்டால் கோர்ட் அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்றிருந்தது. கீழே விலாசம். ஜெயபாய் அந்தக் குறிப்பின் கீழே விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். வாசகர்கள் என்ற சொல்லில் விரல் நின்றது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தது போலிருந்ததாக, பின்னாளில் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட என்னிடம் சொன்னார்.

ஆனால் கம்பெனியில் கையெழுத்துப் போட்ட விதி ஒன்று உண்டு. வேலை செய்பவர்கள் எந்தக் கோர்ட்டோடும் தொடர்பு கொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் ராஜமணியிடம் சொன்னார். ராஜமணிக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. கப்பலில் பெட்டிகள் அசையாதபடி இரும்புக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுவதும் அவிழ்ப்பதும். அவர் வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"அந்தத் தீர்ப்பு ரகசியமான கடலாசா?"

"இல்ல. உலகத்தில ஆருக்கு வேணும்னாலும் வாசிக்கலாம்."

"அப்ப நீயும் வாசிக்கலாம்."

"வாசிக்கலாம். எழுதப்பிடாது. ரூல் உண்டு."

"பக்கத்து வரிசையில ஒரு கம்பி லூசா இருக்கது கண்ணுல பட்டா, எனக்க வரிசை இல்லேன்னு நான் இறங்கி வரமாட்டேன் கேட்டியா. சொன்னா சூப்பர்வைசர் ஏசத்தான் செய்வாரு. ரெண்டும் உள்ளதுதான்."

"ஏசுனா பரவாயில்ல. வேலை போனா?"

"போனா பாக்கலாம். பயந்தா எழுதாத. எழுதுனா பயப்படாத."

அன்று மத்தியானம் ஜெயபாய் நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில், கையால், அரைப் பக்கம். 'உங்கள் தீர்ப்பின் முதல் பக்கத்தில் வாசகர்களைக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு வாசகி. பத்தொன்பதாம் பக்கம் நான்காம் வரியில் ஒரு சொல் விடுபட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ள பக்கங்கள் என்னை அப்படி நினைக்க வைக்கின்றன. நான் தப்பாக வாசித்திருந்தால் மன்னிக்க வேண்டும்.' கம்பெனியின் பெயரை எழுதவில்லை. தன் பெயரையும் திருவல்லம் விலாசத்தையும் எழுதினார்.

மறுநாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கவரைத் திருப்பிப் பார்த்தார்.

"கோர்ட்டுக்கா? அமெரிக்காவில கேஸ் உண்டா?"

"எனக்க கேஸ் இல்ல."

"பின்ன?"

"வாசிச்சேன். ஒரு தெற்று கண்டேன்."

அந்தப் பெண் ஸ்டாம்பை ஒட்டி, இரண்டு முறை அழுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெயபாய் சுதீஷிடம் தானே போய்ச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எதுக்கு சேச்சி என்கிட்ட பறஞ்சீங்க? பறயாம இருந்தா நான் அறிஞ்சிருக்க மாட்டேன்."

"நீங்க அறியாம இருந்தா எனக்குத்தான் லாபம். அதுனாலதான் சொல்லணும்னு தோணிச்சு."

"மேல சொல்லாம இருக்க எனக்குப் பற்றாது."

"தெரியும்."

ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை. தீர்ப்புகளிலிருந்து எடுத்து, உள்ளறை ஒன்றில் பழைய சட்டப் புத்தகங்களின் பக்க எண்களைச் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று. அந்த அறையில் ஜன்னல் இல்லை. எண்களுக்குப் பின்னால் ஆட்கள் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் இப்போது யாரும் வருவதில்லை. லாட்டரிக்காரர் லாட்டரிக்காரராகவும் துணி வெட்டும் பெண் துணி வெட்டும் பெண்ணாகவும் மட்டுமே இருந்தார்கள். ஒன்பது வருடமாகத் தன்னோடு எத்தனை பேர் பயணம் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் தெரிந்தது.

கோர்ட்டுக்குப் போட்ட கடிதம் மட்டும் பஸ்ஸில் அவர் நினைவில் கூடவே வந்தது. அது இன்று எங்கே இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். பெரிய மேகங்களுக்கு மேலே ஒரு சாக்குப்பைக்குள், மற்ற கடிதங்களோடு தோள் இடித்துக்கொண்டு. ஏதோ ஒரு விமான நிலையத்தில் ரப்பர் பட்டையில் வளைந்து வளைந்து நகர்ந்து. ஒரு மஞ்சள் கட்டடத்தின் அலுவலகத்தில், ஸ்வெட்டர் போட்ட ஒருவர் அதைக் கத்தியால் பிரிக்கிறார். திருவல்லம் என்ற பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். வரவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறார். அதற்குமேல் அவர் என்ன செய்வார் என்பதை ஜெயபாயால் காண முடியவில்லை. கனவு அந்த இடத்தில் நின்றுவிடும். மறுநாள் மறுபடி விமானத்திலிருந்து தொடங்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ரெம்யா உள்ளறைக்கு வந்தாள். ஜெயபாயின் தலைப்புகளை இப்போது அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தாள், அச்சடித்த சூடு ஆறாதது. பக்க எண்களுக்கு மேலே வைத்தாள்.

திருத்த ஆணை. பத்தொன்பதாம் பக்கம், நான்காம் வரியில், 'இஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'நாட்' சேர்க்கப்படுகிறது. அவ்வளவுதான். யார் சொன்னார்கள், எப்படித் தெரிந்தது என்று எதுவும் இல்லை. கீழே மூன்று நீதிபதிகளின் பெயர்.

ஜெயபாய் விரலை வைத்து வாசித்தார். பிறகு இன்னொரு முறை. மூன்றெழுத்தின் மேல் விரல் வந்ததும் அங்கேயே இருந்தது.

"அக்கா, கரையாதீங்க" என்றாள் ரெம்யா. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் கரையல்ல பிள்ளே. ஒரு சொல்லு எவ்வளவு இடம் பிடிக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அதே வாரம் பதிப்பாளரிடமிருந்து சுதீஷுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜூன் மாதமே இந்தப் பிழை குறித்து உங்களிடமிருந்து க்வெரி வந்திருக்கிறது, எங்கள் தரப்பில் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள். சுதீஷ் பெயரை எழுதினார். அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எழுதவில்லை. திங்கட்கிழமை காலை உள்ளறைக்கு வந்து, ஜெயபாயின் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் விட்டார்.

"மெமோவ எடுக்க முடியாது சேச்சி. ஃபைல்ல கேறியாச்சு."

"கிடக்கட்டு. நான் எழுதுனதும் உண்மைதானே."

மன்னிப்பு என்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஜெயபாயும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சந்தேகம் உள்ள வரிகளை எழுதி வைக்க ஒரு தனிப் பட்டியல் தொடங்கினார்கள். பதிப்பாளர் வாரம் ஒருமுறை அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பெரும்பாலும் அதில் கமாவும் தேதியும்தான் வரும்.

கோர்ட்டிலிருந்து திருவல்லத்துக்குப் பதில் எதுவும் வரவில்லை. ஜெயபாயின் கடிதத்தால்தான் திருத்தினார்களா, அங்கேயே வேறு யாராவது கண்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. ராஜமணி கேட்டார், ரெம்யா கேட்டாள், நானும் கேட்டேன். "தெரியாது" என்றுதான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை.

ஜனவரியில் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு வந்தது. திருத்திய வரியை எடுத்து எழுதி, டி. எம். சம்மதம் தரவில்லை, அவள் கையின் பதிவை அந்த மூன்று கம்பெனிகளும் அழிக்க வேண்டும், அழித்ததைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அதோடு டி. எம். கையால் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்திலிருந்து ஒரு வரியையும் சேர்த்திருந்தார். 'அந்தக் கை எனக்கு வேறு வேலைகளுக்கும் தேவைப்படுகிறது' என்று அவள் எழுதியிருந்தாள். ஜெயபாய் சத்தமாகச் சிரித்துவிட்டார். ரெம்யா எட்டிப் பார்த்து அவளும் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அந்தப் பெண்ணின் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபமான குரல் என்று நினைத்திருந்தார். இது அடுப்படியிலிருந்து வரும் குரல் மாதிரி இருந்தது.

மூன்று வரிச் சுருக்கம் எழுதினார். அன்று அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மற்ற பதினொரு தீர்ப்புகளையும் முடித்தார். ஒரு சலவை மெஷின், ஒரு வாடகை வீடு, சக்கர நாற்காலி ஏற முடியாத ஒரு வாக்குச்சாவடி.

மூன்றரை மணி பஸ்ஸில் வெயில் மடியில் விழுந்தது. ஈஞ்சக்கல் தாண்டியதும் தூங்கிப்போனார். கண் விழித்தபோது திருவல்லம் போய்விட்டிருந்தது. கண்டக்டர் அருகில் நின்று, "விழிஞ்ஞம் ஆயி சேச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கினார். கடல் வெளிச்சத்தில் கண் கூசியது. மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் படகுகள் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே, நீல நிறத்தில் பெரிய கிரேன்கள். ஒரு கப்பல் நின்றிருந்தது. ஒரு தெருவையே அடுக்கி நிறுத்தியது போல அதன்மேல் பெட்டிகள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த ராஜமணி டீக்கடை முன்னால் மனைவியைக் கண்டு நின்றுவிட்டார்.

"இஞ்ச என்ன செய்யுத?"

"உறங்கிப் போனேன்."

அவர் இரண்டு டீ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெயபாய் கீழ்க்கோர்ட் தீர்ப்பைச் சொன்னார். டி. எம்மின் அந்த வரியையும் சொன்னார். ராஜமணி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், மேலே இரும்புத் துரு. பிறகு டீயைக் குடித்தார்.

"அவ ஊரு எது?" என்றார்.

"தெரியாது. எழுதல்ல."

"அவளுக்கு உன்னத் தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்?"

ராஜமணி தலையாட்டினார். கப்பலைக் காட்டி, காலையில் தான் கட்டிய வரிசை எது என்று சொன்னார். மேலிருந்து மூன்றாவது, சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். ஜெயபாய் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தேடினார். சிவப்புப் பெட்டிகள் நிறைய இருந்தன. கப்பல் எந்தச் சத்தமும் இல்லாமல், கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத அளவு மெல்ல, நகரத் தொடங்கியிருந்தது.